மூளைக்குள் காசநோய்: எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தையும் ஏன் சேர்த்துக் கொடுக்கிறார்கள்?

இளந்தளிர் எழுதியது:

வணக்கம். மருந்தியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு சந்தேகம் பல நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஸ்டீராய்டு நீண்ட நாள் எடுப்பவர்களுக்குக் காசநோய் வரும் ஆபத்து அதிகம் என்று ஒரு பாடத்தில் படித்தோம். அடுத்த பாடத்திலேயே மூளையுறைக் காசநோய்க்கு முதல் நாளிலிருந்தே டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுக்க வேண்டும் என்று வருகிறது. கிருமியோடு போராட வேண்டிய உடம்பை நாமே ஏன் அடக்குகிறோம்? "வீக்கத்தைக் குறைக்க" என்று ஒரே வரியில் பாடப்புத்தகம் முடித்துவிட்டது. மூளைக்குள் எதிர்ப்புச் சக்தி உண்மையில் என்ன செய்கிறது என்று தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன்.

நுண்ணோக்கி எழுதியது:

நல்ல கேள்வி. சுருக்கமாகச் சொல்ல முடியாது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

காசநோய்க் கிருமி முதலில் நுரையீரலுக்குத்தான் போகிறது. அங்கே மேக்ரோஃபேஜ் என்னும் வெள்ளையணுக்கள் அதை விழுங்குகின்றன. குறிப்பிட்ட கிருமியை அடையாளம் கண்டு தாக்கும் டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் தயாராகி வர சில வாரங்கள் ஆகும். அதற்குள் கொஞ்சம் கிருமிகள் ரத்தத்தில் கலந்து பல உறுப்புகளுக்கும் போய்விடும். மூளைக்கும் சில போய்ச் சேரும். ரத்த-மூளைத் தடுப்பு என்று ஒன்று இருக்கிறதே, அதைத் தாண்டி எப்படிப் போகிறது என்பதற்கு இரண்டு வழிகளைச் சொல்கிறார்கள். ஒன்று, கிருமியை ஏற்கெனவே விழுங்கிய வெள்ளையணுவே அதைச் சுமந்துகொண்டு உள்ளே போவது. இன்னொன்று, கிருமியே நேரடியாக மூளை ரத்தநாளத்தின் உட்சுவர் செல்களுக்குள் நுழைவது. இரண்டாவது வழிக்கு பிகேஎன்டி என்னும் கிருமிப் புரதம் உதவுவதாக விலங்குச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள்.

ரத்தத்தில் கிருமி வந்ததும் உடனே மூளையுறைக் காய்ச்சல் வந்துவிடும் என்றுதான் ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1933-இல் அர்னால்ட் ரிச், ஹோவர்ட் மெக்கார்டாக் என்ற இருவர் அதை மறுத்தார்கள். விலங்குகளின் ரத்தத்தில் கிருமியை ஏற்றினால் உடனடியாக மூளையுறைக் காய்ச்சல் வரவில்லை. மூளையைச் சுற்றியுள்ள திரவத்தில் நேராகச் செலுத்தினால் வந்தது. கூடவே 82 பேரின் உடல்களைப் பிரேதப் பரிசோதனை செய்து, ஏறக்குறைய எல்லோருக்கும் மூளையின் மேற்பரப்பிலோ உறையிலோ ஒரு பழைய சிறு கட்டி உடைந்து திரவத்துக்குள் கொட்டியிருப்பதைக் காட்டினார்கள். இன்றும் அதற்கு ரிச் குவியம் என்றுதான் பெயர். அதன் பிறகு வந்தவர்கள் எல்லா நோயாளிகளுக்கும் இது பொருந்தாது என்று சொன்னாலும், அடிப்படைக் கருத்து நிற்கிறது: கிருமி முதலில் அடங்கிக் கிடக்கிறது, பிறகு ஒரு நாள் திரவத்துக்குள் திறந்துகொள்கிறது.

மூளைக்குள் கிருமி முதலில் மாட்டுவது மைக்ரோகிளியா செல்களிடம். மூளையிலேயே குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் வகை இவை. கிருமியை விழுங்கியதும் டிஎன்எஃப், ஐஎல்-1 பீட்டா, ஐஎல்-6 என்று சைட்டோகைன்களை, அதாவது அழற்சியைத் தூண்டும் சைகைப் புரதங்களைக் கொட்டுகின்றன. மற்ற வெள்ளையணுக்களை அழைக்கும் கீமோகைன்களும் வருகின்றன. அந்த அழைப்புக்கு நியூட்ரோஃபில், மோனோசைட், பிறகு டி செல்கள் என்று வரிசையாக வருகிறார்கள். நுரையீரலில் இதே கூட்டம் சேர்ந்து கிருமியைச் சுற்றிக் கிரானுலோமா என்ற அரண் கட்டும். ஓரளவு இடம் இருப்பதால் நுரையீரல் அதைத் தாங்கிக்கொள்ளும்.

மூளையில் அந்த இடம் கிடையாது. மண்டையோடு விரியாது. மூளையின் அடிப்பகுதியில் பசை போன்ற கெட்டியான கசிவு சேர்ந்துவிடும். அந்தக் கசிவு வழியாகத்தான் மூளையின் முக்கிய ரத்தநாளங்களும் கபால நரம்புகளும் போகின்றன. மூளைத் தண்டுவடத் திரவம் ஓடும் பாதையும் அங்கேதான். பாதை அடைபட்டால் திரவம் தேங்கி மூளைக்குள் அழுத்தம் ஏறும். ரத்தநாளச் சுவர் அழற்சியால் தடித்து அடைபட்டால் பக்கவாதம். இந்த இரண்டிலும் கிருமி நேரடியாகச் செய்வதைவிட, கிருமியைத் தேடி வந்த நம் செல்கள் செய்வதுதான் அதிகம்.

இதனால்தான் டெக்ஸாமெதசோன். 2004-இல் வியட்நாமில் 14 வயதுக்கு மேற்பட்ட 545 பேரிடம் செய்த பெரிய சோதனையில், ஒன்பது மாதத்தில் இறந்தவர்கள் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 31.8 சதவீதம், பெறாதவர்களில் 41.3 சதவீதம். ஆனால் பிழைத்தவர்களின் கடுமையான ஊனம் குறையவில்லை. இரண்டையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

கார்முகில் எழுதியது:

ஒரு நிமிடம். மூளை என்பது எதிர்ப்பு மண்டலம் எட்டிப் பார்க்காத இடம், அங்கே நிணநீர் நாளமே கிடையாது என்றுதானே எங்கள் காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்? டி செல்கள் அவ்வளவு சுலபமாக எப்படிப் போகின்றன?

செவ்வந்தி எழுதியது:

கார்முகில் ஐயா, அந்தக் கருத்துக்கு நல்ல அடிப்படை இருந்தது. 1948-இல் பீட்டர் மெடாவர் முயல்களின் மூளைக்குள் வேறொரு முயலின் தோலை வைத்துப் பார்த்தார். மூளை அதை நிராகரிக்கவில்லை. ஆனால் அதே முயலின் உடம்பில் அதற்கு முன்பே அந்தத் தோலை ஒட்டியிருந்தால், மூளையில் வைத்ததும் அழிந்தது. அதாவது வெளியே ஒருமுறை பழகிவிட்ட டி செல்கள் மூளைக்குள்ளும் போய் வேலையை முடிக்கும். மூளைக்குள்ளிருந்து புதிதாக எச்சரிக்கை கிளம்புவதுதான் மந்தம். இந்த இரண்டாம் பாதியை நிறையப் பேர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

காசநோயில் இது அப்படியே பொருந்தும். டி செல்களுக்கு நுரையீரலின் நிணநீர்க் கணுக்களிலேயே பயிற்சி முடிந்துவிடுகிறது. மூளையில் கட்டி உடையும் நேரத்தில் பழகிய படை வெளியே தயாராக நிற்கிறது.

நிணநீர் விஷயமும் மாறிவிட்டது. 2015-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் எலிகளின் மூளையுறையில் நிணநீர் நாளங்கள் இருப்பதைத் தெளிவாகக் காட்டின. பிறகு மனிதர்களிலும் பார்த்தார்கள். மண்டையோட்டு எலும்பு மஜ்ஜையிலிருந்து நுண்ணிய கால்வாய்கள் வழியாக வெள்ளையணுக்கள் நேராக மூளையுறைக்கு வருகின்றன என்றும் எலிகளில் கண்டிருக்கிறார்கள். எனக்கு இதைப் படித்தபோது உண்மையிலேயே மெய்சிலிர்த்தது. மூளையுறையே ஒரு தனி எதிர்ப்பு நிலையம் மாதிரி இருக்கிறது. மூளையுறைக் காசநோயின் ஆரம்ப நாட்களில் இந்த வழி எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதை யாராவது சீக்கிரம் ஆராய வேண்டும்.

வலசை எழுதியது:

நான் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவன். ஆய்வகப் பேச்சுக்கு நடுவில் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். "கெடுதல் செய்வது நம் எதிர்ப்புச் சக்திதான்" என்று கேட்டுவிட்டு, கிருமி ஏதோ இரண்டாம்பட்சம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த நோயில் ஆளைக் கொல்வது தாமதம். ஒரு வாரம், இரண்டு வாரம் மெல்லிய காய்ச்சல், தலைவலி, சோர்வு, பசியின்மை என்றுதான் தொடங்கும். குழந்தையாக இருந்தால் சிடுசிடுப்பு, வாந்தி, எடை குறைதல். எல்லாமே சாதாரணமாகத் தெரியும். பிறகு திடீரென்று குழப்பம், இரட்டைப் பார்வை, வலிப்பு. இரட்டைப் பார்வை பெரும்பாலும் ஆறாவது கபால நரம்பு பாதிக்கப்பட்டதால் வருவது. மயக்க நிலைக்குப் போன பிறகு மருந்து தொடங்கினால் பலன் மிகக் குறைவு.

முதுகில் ஊசி போட்டு எடுக்கும் நீரில் இந்தப் போராட்டம் அப்படியே தெரியும். லிம்ஃபோசைட் என்னும் வெள்ளையணுக்கள் கூடியிருக்கும், புரதம் ஏறியிருக்கும், சர்க்கரை ரத்தத்தில் இருப்பதில் பாதிக்கும் கீழே போயிருக்கும். மிக ஆரம்பத்தில் எடுத்தால் நியூட்ரோஃபில்கள் அதிகம் இருந்து பாக்டீரியா மூளைக்காய்ச்சல் போல ஏமாற்றும். கிருமிகளின் எண்ணிக்கையோ மிகக் குறைவு, அதனால் சோதனைகளில் பிடிபடாமல் போகும். கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் எக்ஸ்பர்ட் அல்ட்ரா சோதனையில் 'இல்லை' என்று வந்தாலும் சந்தேகம் வலுவாக இருந்தால் மருந்தைத் தொடங்கிவிட வேண்டும்.

2019-இல் மட்டும் உலகத்தில் சுமார் 1,64,000 பெரியவர்களுக்கு இது வந்து, அதில் ஏறக்குறைய 78,000 பேர் இறந்திருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கிட்டத்தட்ட பாதிப்பேர். காசநோயின் வேறெந்த வடிவமும் இப்படிக் கொல்வதில்லை.

இளந்தளிர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டாக்டர் சொன்னதை மனதில் வைத்துக்கொள்கிறேன். அடுத்த கேள்வி: டிஎன்எஃப்தான் இவ்வளவுக்கும் காரணம் என்றால், ஸ்டீராய்டு மாதிரி எல்லாவற்றையும் அமுக்குவதற்குப் பதிலாக டிஎன்எஃப்பை மட்டும் முழுசாக நிறுத்திவிடலாமே?

நுண்ணோக்கி எழுதியது:

முயன்று பார்த்தார்கள். தாலிடோமைடு டிஎன்எஃப் உற்பத்தியைக் குறைக்கும். முயல்களின் மூளையில் காசநோயை உண்டாக்கிச் சோதித்தபோது, கிருமிக்கொல்லி மருந்தோடு தாலிடோமைடு சேர்த்த முயல்கள் நன்றாகப் பிழைத்தன. அந்த நம்பிக்கையில் மூளையுறைக் காசநோய் வந்த குழந்தைகளுக்கு அதிக அளவில் கொடுத்தார்கள். 2004-இல் வெளியான அந்தச் சோதனையைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. மரணங்களும் கடுமையான பக்கவிளைவுகளும் தாலிடோமைடு பெற்ற குழந்தைகளிடமே நேர்ந்தன.

டிஎன்எஃப்பை வில்லன் என்று மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும். கிரானுலோமாவைக் கட்டிக் காப்பதே டிஎன்எஃப்தான். மூட்டுவாதத்துக்காக இன்ஃப்ளிக்சிமாப் போன்ற டிஎன்எஃப் தடுப்பு மருந்து எடுத்தவர்களுக்கு உறங்கிக் கிடந்த காசநோய் விழித்துக்கொண்டதை 2001-இலேயே கவனித்தார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தக் கூடாதுதான், அதற்காக மூட்டைப்பூச்சியை அப்படியே விட்டுவிடவும் முடியாது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. குறைந்த அளவு தாலிடோமைடு, மருந்துக்கு அடங்காமல் பெரிதாகும் மூளைக் கட்டிகளுக்கும் சீழ்க்கட்டிகளுக்கும் உதவுகிறது. கிருமிக்கொல்லி சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது, ஸ்டீராய்டுக்கும் அடங்காத சிலருக்கு இன்ஃப்ளிக்சிமாப்பும் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். அளவும் நேரமும் ஆளும் பொருந்த வேண்டும்.

செவ்வந்தி எழுதியது:

"ஆளும்" என்று நுண்ணோக்கி சொன்னாரே, எனக்கு இந்த நோயில் மிகவும் பிடித்த ஆய்வு அதைப் பற்றித்தான்.

வரிக்குதிரை மீன் குஞ்சுகள் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் உடம்பு கொண்டவை. காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவான ஒரு மீன் கிருமியை அவற்றுக்குள் செலுத்தினால், வெள்ளையணு விழுங்குவதை உயிரோடே பார்க்கலாம். எல்டிஏ4எச் என்னும் நொதி குறைவாக உள்ள மீன்களில் அழற்சி போதவில்லை, கிருமி மேக்ரோஃபேஜுக்குள்ளேயே பெருகி அதை வெடிக்கவைத்தது. அதே நொதி மிகையாக உள்ள மீன்களில் டிஎன்எஃப் ஏறி, மேக்ரோஃபேஜ் கிருமியைக் கொல்லத் தொடங்கினாலும் தானும் செத்து, மிச்சக் கிருமியை வெளியே கொட்டியது. நேரெதிர் வழிகள், முடிவு ஒன்றே: கிருமி வெளியில் தாராளமாக வளர்ந்தது.

மனிதர்களிலும் இந்த நொதிக்கான மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறுபடும் இடம் உண்டு. சிசி, சிடி, டிடி என்று மூன்று வகை. டிடி வகையினருக்கு அழற்சி அதிகம். 2012-இல் வியட்நாம் நோயாளிகளின் தரவுகளைப் பார்த்தபோது, டெக்ஸாமெதசோன் பெரிதும் காப்பாற்றியது டிடி வகையினரைத்தான் என்று வந்தது. சிசி வகையினருக்கு அது கெடுதலாகக்கூட இருக்கலாம் என்ற ஐயமும் எழுந்தது. எல்லோருக்கும் ஒரே ஸ்டீராய்டு என்பதை அப்போதே கேள்வி கேட்க வேண்டியதாயிற்று.

வலசை எழுதியது:

அந்த ஆய்வு அழகானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2017-இல் இந்தோனேசிய நோயாளிகளிடம் பார்த்தபோது அந்த மரபணு வகைக்கும் உயிர்பிழைப்புக்கும் தொடர்பு தெரியவில்லை. அங்கே நோய் முற்றிய நிலையில் வந்தவர்கள் அதிகம் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். மரபணுச் சோதனை செய்துதான் ஸ்டீராய்டு என்று இன்று யாரும் நடைமுறையில் செய்வதில்லை. இதைப் படிக்கும் குடும்பத்தினர் யாரும் "எங்களுக்கு சிசி வகையாக இருக்குமோ" என்று பயந்து மருந்தை நிறுத்திவிடக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று. எச்ஐவி உள்ளவர்களிடம் டெக்ஸாமெதசோன் பயன் தருமா என்று வியட்நாமிலும் இந்தோனேசியாவிலும் 520 பேரிடம் சோதித்து 2023-இல் வெளியிட்டார்கள். ஓராண்டில் இறப்பு ஸ்டீராய்டு பெற்றவர்களில் 44.1 சதவீதம், பெறாதவர்களில் 49.0. அந்த வித்தியாசம் உறுதியான பயன் என்று சொல்லப் போதாது. கெடுதலும் இல்லை.

நுண்ணோக்கி எழுதியது:

வலசை சொன்னதோடு ஒரு புதிரையும் சேர்க்கிறேன். 2004 சோதனையில் பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினரின் ரத்தத்தையும் மூளைத் திரவத்தையும் அளந்து பார்த்தார்கள். ஸ்டீராய்டு பெற்றவர்களில் சைட்டோகைன்கள் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? குறைந்ததாகத் தெரியவில்லை! உயிரைக் காப்பாற்றியது, ஆனால் எதிர்ப்புச் சக்தியை அளவிடும்படி அடக்கவில்லை. பிறகு வந்த ஓர் ஆய்வில் எம்எம்பி-9 என்ற நொதி ஆரம்ப நாட்களில் குறைவது தெரிந்தது. ரத்த-மூளைத் தடுப்பின் அடித்தளச் சவ்வை அரிக்கும் நொதி அது. ஆகவே இளந்தளிர், உங்கள் பாடப்புத்தகத்தின் "வீக்கத்தைக் குறைக்க" என்ற வரி தவறல்ல. ஆனால் "எதிர்ப்புச் சக்தியை அடக்குவதால்" என்று விளக்கினால் கையில் இருக்கும் சான்று அதற்குப் பொருந்தவில்லை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. எச்ஐவி இல்லாத வியட்நாம் நோயாளிகளில் இறந்தவர்களின் மூளைத் திரவத்தில் சிகிச்சைக்கு முன் சைட்டோகைன்கள் பிழைத்தவர்களைவிடக் குறைவாக இருந்தன. அழற்சி போதாமலும் சாகலாம். என் கருத்து இதுதான்: இந்த நோயில் நாம் இரண்டு வெவ்வேறு கூட்டத்தை ஒரே பெயரில் அழைத்து, ஒரே மருந்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். யார் எந்தக் கூட்டம் என்று படுக்கையருகிலேயே சொல்லும் ஒரு சோதனை வரும்வரை இந்த இறப்பு விகிதம் பெரிதாக இறங்காது.

தாழம்பூ எழுதியது:

நான் அறிவியல் படித்தவள் இல்லை. என் அக்காவுக்கு இந்த நோய்தான். மருந்து ஆரம்பித்து நன்றாகத் தேறி எழுந்து நடந்தாள். ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டு வரும்போது மறுபடி தலைவலி, ஒரு வலிப்பு. ஸ்கேனில் முன்பு இல்லாத இரண்டு கட்டிகள். மருந்து வேலை செய்யவில்லையோ என்று வீட்டில் எல்லோரும் உடைந்துபோயிருக்கிறோம். இது ஏன் நடக்கிறது?

வலசை எழுதியது:

தாழம்பூ அம்மா, பயம் எனக்குப் புரிகிறது. நேரில் பார்க்காமல் நான் எதையும் உறுதியாகச் சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் சொல்வது அடிக்கடி நடக்கும் ஒன்று. முரண் எதிர்வினை என்போம். மருந்தால் கிருமிகள் செத்து அவற்றின் உடைந்த பாகங்கள் சிதறும்போது, தேறிவரும் எதிர்ப்பு மண்டலம் அவற்றின் மேல் பாய்கிறது. செத்த கிருமியின் சுவரே போதும், அழற்சி கிளம்பிவிடும். அதனால் பழைய கட்டி பெரிதாகலாம், புதிதும் தோன்றலாம். ஸ்டீராய்டைக் குறைக்கும் நேரத்தில் வெளிப்படுவதும் வழக்கம்தான்.

ஆனால் அதுதான் என்று முடிவு செய்வதற்கு முன் மருத்துவர்கள் இரண்டைப் பார்ப்பார்கள்: கிருமி மருந்துக்கு அடங்காத வகையா, மாத்திரை இடையில் விடுபட்டதா. இவை இல்லையென்றால் பெரும்பாலும் அதே காசநோய் மருந்தைத் தொடர்ந்துகொண்டு ஸ்டீராய்டை மறுபடி ஏற்றி, இன்னும் மெதுவாகக் குறைப்பார்கள். நீங்களாக எதையும் நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். முக்கியமாக ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்துவது ஆபத்து. மறுபடி வலிப்போ, மயக்கமோ, பார்வை மங்கலோ வந்தால் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

கார்முகில் எழுதியது:

எச்ஐவி இருப்பவர்களுக்கு இந்த முரண் எதிர்வினை இன்னும் கடுமை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சரியா?

செவ்வந்தி எழுதியது:

சரிதான். எச்ஐவியால் சிடி4 என்ற டி செல்கள் வற்றிப்போய்க் கிடக்கும்போது கிருமி தங்குதடையின்றிப் பெருகியிருக்கும். எச்ஐவியை அடக்கும் கூட்டு மருந்தான ஏஆர்டி தொடங்கியதும் அந்தச் செல்கள் திரும்பி வந்து, குவிந்து கிடக்கும் கிருமிகளைப் பார்க்கின்றன. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனில் செய்த ஆய்வில், மூளையுறைக் காசநோயும் எச்ஐவியும் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இந்த மீள்சீற்றம் வந்தது. சிகிச்சைக்கு முன்பே மூளைத் திரவத்தில் நியூட்ரோஃபில்கள் அதிகமாகவும் கிருமி வளர்ப்புச் சோதனை 'உண்டு' என்றும் இருந்தவர்களுக்கே அது அதிகம். டி செல் கதையாகவே பேசிவந்த இடத்தில் நியூட்ரோஃபில் இப்படி முன்னுக்கு வந்தது முக்கியமான திருப்பம்.

வியட்நாமில் 253 பேரிடம் ஏஆர்டியை உடனே தொடங்குவதையும் இரண்டு மாதம் தள்ளித் தொடங்குவதையும் ஒப்பிட்டார்கள். உடனே தொடங்கியதால் உயிர்கள் கூடுதலாகக் காப்பாற்றப்படவில்லை, கடுமையான பக்கவிளைவுகள்தான் கூடின. அதனால்தான் நுரையீரல் காசநோய் போல அவசரப்படாமல், மூளையுறைக் காசநோய்க்கு நான்கிலிருந்து எட்டு வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

இளந்தளிர் எழுதியது:

குழந்தைகளுக்கு பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போடுவது நுரையீரல் காசநோயைப் பெரிதாகத் தடுக்காது, ஆனால் மூளையுறைக் காசநோயைத் தடுக்கும் என்கிறார்களே. ஒரே தடுப்பூசி இடத்துக்கு இடம் ஏன் மாறுகிறது?

நுண்ணோக்கி எழுதியது:

முன்னே சொன்ன பாதையை நினைத்துப் பாருங்கள். மூளைக்குக் கிருமி போவது ரத்தத்தின் வழியாக, டி செல்கள் தயாராகாத அந்தச் சில வாரங்களில். பிசிஜி போட்ட குழந்தையிடம் பழகிய டி செல்கள் முன்னமே இருப்பதால் அந்த இடைவெளி சுருங்குகிறது, பரவும் கிருமிகளும் குறைகின்றன என்பதுதான் பொருத்தமான விளக்கம். சிறு குழந்தைகளில் டி செல்களும் மேக்ரோஃபேஜ்களும் ஒன்றையொன்று தூண்டும் ஐஎல்-12, இன்டர்ஃபெரான் காமா என்ற சைட்டோகைன் வழி இன்னும் முதிராததால் இந்த உதவி அவர்களுக்குப் பெரிது. மூளையுறைக் காசநோய்க்கு எதிராக சுமார் 73 சதவீதப் பாதுகாப்பு என்று தொகுப்பு ஆய்வு சொல்கிறது. 1921-இல் முதன்முதலில் கொடுத்த தடுப்பூசி. அதன் மற்றக் குறைகளைச் சொல்லி யாராவது "பயனில்லை" என்று பேசினால் எனக்குக் கோபமே வருகிறது. எத்தனையோ குழந்தைகள் கண் பார்வையோடும் காது கேட்டும் வளர்வது அதனால்தான்.

செவ்வந்தி எழுதியது:

ஸ்டீராய்டைத் தாண்டி என்ன வருகிறது என்று தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள், இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ஆஸ்பிரின் ஒன்று. பக்கவாதத்தைத் தடுக்கலாம் என்பதோடு, அழற்சியைத் தணித்து முடித்துவைக்கும் கொழுப்புப் பொருட்களை உடம்பே உண்டாக்க உதவலாம் என்பது எண்ணம். வியட்நாமில் 120 பேரிடம் செய்து 2018-இல் வெளியான சோதனையில் மொத்தத்தில் தெளிவான வித்தியாசம் வரவில்லை. ஆனால் காசநோய் என்று ஆய்வகத்தில் உறுதியானவர்களை மட்டும் பார்த்தபோது, ஆஸ்பிரின் பெற்றவர்களிடம் புதிய மூளைத் திசு இறப்பும் மரணமும் குறைவாக இருந்தன. பெரிய சோதனைகள் வேண்டும்.

இன்னொன்று டிரிப்டோபான். இந்தோனேசிய நோயாளிகளின் மூளைத் திரவத்தை அலசியதில், டிரிப்டோபான் குறைவாக இருந்தவர்களே அதிகம் பிழைத்தார்கள் என்று 2018-இல் கண்டார்கள். அந்த அமினோ அமிலத்தை உடைப்பதில் எதிர்ப்பு செல்களுக்குப் பங்கு உண்டு. உடையும்போது வரும் பொருட்களில் சில நரம்பணுவைக் காக்கும், சில கெடுக்கும்.

இளந்தளிர் எழுதியது:

அப்படியென்றால் டிரிப்டோபான் குறைந்ததால் கிருமி பட்டினியில் வாடியதா, அல்லது உடைந்து வந்த பொருட்கள் மூளையைக் காத்தனவா?

நுண்ணோக்கி எழுதியது:

பட்டினி என்பது எனக்குச் சந்தேகம்தான். காசநோய்க் கிருமி டிரிப்டோபானைத் தானே தயாரித்துக்கொள்ளும். அந்த வழியை அடைத்துவிட்டால்தான் டி செல்களின் தாக்குதலுக்கு அது பணிகிறது என்று எலிகளில் காட்டியிருக்கிறார்கள். ஆகவே உடைந்து வரும் பொருட்களின் பக்கம்தான் நான் முதலில் தேடுவேன். திரவத்தில் டிரிப்டோபானை மட்டும் அளந்தால் போதாது, உடைந்து வருபவற்றையும் அதே நோயாளியிடம் முதல் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று தொடர்ந்து அளக்க வேண்டும். படிப்பை முடித்துவிட்டு இதை எடுத்துச் செய்யுங்கள் இளந்தளிர்.